எறும்பு மொய்க்காத டம்ளர்

அந்தப் போனக் கொஞ்சம் அமத்து அம்மணி. காதுல விழுகுது. "கொள்ளி வைக்க மறுத்த மகன், கொலைக்குப் பின்னால் நடந்தது என்ன"ன்னு ஒருத்தன் கத்தறான் பாரு, அவன அமத்து. கோவிச்சுக்காதே. பஸ்ஸுல பொழுது போகோணும், நீ பாக்கற. தப்புச் சொல்லல. ஆனா பக்கத்துல உக்காந்திருக்கறவ ஆருன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பாரு. அதுல செவப்பு வட்டம் போட்டுக் காட்டறானே, நீலச் சட்ட போட்டுட்டு, கேட்டுக் கம்பியப் புடிச்சுட்டுத் தல குனிஞ்சு நிக்கறது, அது என்ற மாப்ள. மோகனசுந்தரம். என்ற ஒரே பொண்ணு சுகந்தியோட ஊட்டுக்காரர்.

இரு, இரு, எந்திரிக்காதே. எதுக்கு எடம் மாறோணும்? நீ என்ன பண்ணுன? உக்காரு.

இந்தக் கத்தறவன் ஆரு? மெட்ராசுல எங்கியோ ஒரு ரூமுல உக்காந்துட்டு, எங்க சம்பந்தியம்மா ஊட்டு அடுப்படி எந்தத் தெசையப் பாத்திருக்குதுன்னு எனக்குச் சொல்றான். ஒம்பது வருசமா அந்த அடுப்படியில உக்காந்து வெங்காயம் அரிஞ்சவ நானு. கெழக்க பாத்த அடுப்படிய வடக்க பாத்ததுங்கறான். பேருக்குக் கீழ "புலனாய்வு நிபுணர்"னு வேற போட்டுக்கறான். வெளக்குமாத்துக்குப் பட்டுக் குஞ்சம். இவனுக்கு நாலு லச்சம் பேரு கை தட்டறாங்க. கீழ ஆயிரம் பேரு எழுதறாங்க. "பார்த்தாலே தெரியுது, இவன்தான்"னு ஒருத்தி எழுதியிருக்கறா. பாத்தாலே தெரியுதாமா. அப்பற எதுக்குப் போலீசு, கோர்ட்டு? இவளக் கொண்டு போயி ஒவ்வொரு ஊட்டு முன்னாலயும் நிறுத்துனாப் போதுமே.

நா எங்க போறேன்னா, செங்காட்டுப்புதூருக்கு. பொண்ணூட்டுக்குத்தான். நாளைக்கு அவளுக்குக் கட்டுச்சோறு. ஏழாம் மாசம். உங்க பக்கம் உண்டா? பொறந்த ஊட்டுல இருந்து விதவிதமாச் சோறு ஆக்கிக் கொண்டு போயி, புள்ளத்தாச்சிக்கு ஊட்டி உடறது. பெத்தவ இல்லாமக் கட்டுச்சோறு எந்த ஊருல நடக்குது? செங்காட்டுப்புதூருல நடக்குது. என்ற அக்காளக் கூப்புட்டுச் சோறு ஆக்கச் சொல்லிட்டாளாம் என்ற மக. என்னைய வர வேண்டாம்னு சொல்லி உட்டிருக்கறா. நாம் போறேன். கதவச் சாத்துனாச் சாத்தட்டும். ஒம்பது வருசம் கோயில் கோயிலாப் போயி மண்ணுச் சோறு தின்னவ நானு. ஊட்டி உடறதுக்கு அக்காளா?

எல்லாம் இந்த ஊருப் பேச்சால வந்தது. ஆளாளுக்குத் துப்பறிஞ்சு என்ற குடும்பத்த ரெண்டாக்கிப் போட்டாங்க.

நடந்தத நாஞ் சொல்றேன், கேளு. உள்ளத உள்ளபடி சொல்றேன். தை மாசம், ஒரு பொதங்கெழம. எங்க சம்பந்தியம்மா பேரு ராமாத்தா. அறுவத்தாறு வயசு. ஊட்டுக்காரரு போயி ரொம்ப வருசமாச்சு. மகனுக ரெண்டு பேரும் அதே ஊருதான். மூத்தவரு லோகநாதன், ரேசன் கடையில எடை போடறாரு. எளையவரு என்ற மாப்ள, மோட்டாருக்குக் காயில் கட்டற கட வச்சிருக்காரு. ஆனா ராமாத்தா ஆரூட்டுக்கும் போகாது. "என்ற சோத்த நானே ஆக்கிக்குவேன்"னு தனியாத்தான் இருந்துது. ராங்கி. செத்தவங்களப் பத்திச் சொல்லக் கூடாது, ஆனா ராங்கிதான்.

அன்னிக்குப் பதனொரு மணி இருக்கும். பக்கத்தூட்டுச் சரசு மோரு கேக்கப் போயிருக்கறா. கதவு தொறந்து கெடக்குது. அடுப்படியில ராமாத்தா விழுந்து கெடக்குது. பொடனியில அடி. கழுத்துச் சங்கிலி அப்படியே இருக்குது, பீரோ பூட்டுனபடி இருக்குது. அப்ப திருட வந்தவன் இல்ல. தெரிஞ்ச ஆளுதான். அம்புட்டுத்தான் போலீசுக்குத் தெரிஞ்சுது. இன்னிக்கு வரைக்கும் அம்புட்டுத்தான் தெரியும்.

ஆனா ஊருக்கு எல்லாந் தெரிஞ்சு போச்சு. டீக்கடையில ஒரு கட்சி, ரேசன் கியூவுல ஒரு கட்சி. முடி வெட்டறவரு சொல்றாரு, இது எடது கைக்காரன் அடிச்ச அடின்னு. அவரு பொணத்தப் பாக்கவே இல்ல. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருத்தி, படிச்சவ, "அந்தம்மாவுக்கு வெளிய ஏதோ தொடர்பு இருந்திருக்கும்"ங்கறா. அறுவத்தாறு வயசுப் பொம்பளைக்கு. அந்த வாயில நெருப்ப அள்ளிப் போடோணும்னு வந்துது எனக்கு.

சரசு இருக்கறாளே, அவ வாயி சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரியில இருந்து பொணம் வரோணும்னு எல்லாம் காத்துட்டு உக்காந்திருக்கறோம். எழவூடு. எம் பக்கத்துல வந்து உக்காந்துட்டுக் காதுக்குள்ள சொல்றா. "அக்கா, மேடையில ரெண்டு டம்ளரு இருந்துதுங்க. காப்பி குடிச்ச டம்ளரு. ஒண்ணுல எறும்பு மொச்சுக் கெடந்துது. இன்னொண்ணுல ஒத்த எறும்பு இல்லைங்க. வந்தவனுக்கு ராமாத்தாக்கா காப்பி வச்சுக் குடுத்திருக்குது, பாத்துக்குங்க"ன்னா. எழவூட்டுல பேசற நாயமா இது? "வாய மூடுடி"ன்னேன். மூடுவாளா? பதினாறாம் நாளுக்குள்ள அந்த எறும்பு மெட்ராசு வரைக்கும் போயிருச்சு. உன்ற போனுக்குள்ள கத்தறானே, அவன் எறும்புக்குன்னே ஒரு வீடியோ போட்டான். அர மணி நேரம். எறும்ப வச்சுக் கொலகாரனப் புடிக்கற கூத்த எங்கியாச்சும் கேட்டிருக்கறயா?

கொள்ளியா? அதுக்குத்தான் வரேன்.

எங்க பக்கத்துல தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு எளைய மகன். என்ற மாப்ளதான் வைக்கோணும். பாடை கெளம்பறப்ப சடங்கு பண்ற நாசுவரு கூப்புடறாரு, "சின்னவரே, வாங்க"ன்னு. மாப்ள நவுரல. "அண்ணன் வைக்கட்டும்"னாரு. லோகநாதன் "ஏன்டா?"ங்கறாரு. "என்னால முடியாதுண்ணா"ன்னு சொல்லிட்டு, சுடுகாட்டுக் கேட்டு வரைக்கும் போயி, உள்ள போகாம வெளியவே நின்னுட்டாரு. அதைத்தான் எவனோ எடுத்துப் போட்டான். பெத்த தாய்க்குக் கொள்ளி வைக்கக் கை வரலைன்னா அந்தக் கையி என்ன பண்ணுச்சோன்னு எழுதுனாங்க. பொறுக்க முடியுமா அம்மணி? அந்த மனுசன் சுடுகாட்டுக்கு வெளிய நின்னு தேம்பித் தேம்பி அழுதாரு. அதை ஒருத்தனும் காட்டல. தல குனிஞ்சது மட்டும் வட்டத்துக்குள்ள வந்துது.

ஏன் வைக்கலையா? என்ற பொண்ணு அப்ப முழுகாம இருந்தா. ரெண்டாம் மாசம். பொண்டாட்டி முழுகாம இருக்கறப்ப புருசன் கொள்ளி வைக்கக் கூடாது, பொணந் தூக்கக் கூடாது, சுடுகாட்டு எல்லைய மிதிக்கக் கூடாது. உனக்குத் தெரியுமல்ல? எல்லாத்துக்கும் தெரியும். ஆனா அவ முழுகாம இருக்கறது ஒருத்தருக்கும் தெரியாது. அவளுக்கு, மாப்ளைக்கு, எனக்கு. மூணே பேருக்குத்தான்.

இதுக்கு முன்னால ரெண்டு தடவ தங்கல அவளுக்கு. ரெண்டு தடவையும் நாள் தள்ளுன ஒடனே ஒறம்பரை, சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிக் கேசரி கிண்டினோம். ரெண்டு தடவையும் பத்தே நாளுல போச்சு. அதனால இந்தத் தடவ நாஞ் சொல்லிப் போட்டேன், மூணு மாசம் முடியற வரைக்கும் காத்துக்குக் கூடத் தெரியக் கூடாதுன்னு. மாப்ள கேட்டாரு, "எங்கம்மாவுக்கு மட்டும் சொல்லிடறனுங்க அத்தை, சந்தோசப்படும்"னு. வேண்டாம்னுட்டேன். ராமாத்தா கண்ணுதான் மொதக் கண்ணு. தெருவுல நின்னு சொல்லும். தெரியாமயேதான் போச்சு அந்தம்மா. அதுக்கு நா என்ன பண்ணட்டும்? பொதங்கெழம இப்படி நடக்கும்னு எனக்குச் சோசியமா தெரியும்?

பொணம் வந்ததும் மாப்ளையத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால கூட்டிட்டுப் போயிச் சொன்னேன். "மாப்ள, நீங்க போகக் கூடாது. வகுத்துல இருக்கறத நெனச்சுப் பாருங்க"ன்னேன். "எங்கம்மாங்க அத்தை"ன்னாரு. அம்புட்டுத்தான் சொன்னாரு. தொட்டிச் செவுத்துல தலைய வச்சுட்டு நின்னாரு. "அண்ணங்கிட்டக் காரணம் சொல்லிடட்டுங்களா?"ன்னாரு. சொல்லக் கூடாதுன்னேன். நல்லதுக்குத்தான சொன்னேன்?

மூணாம் நாளு போலீசு வந்து கூட்டிட்டுப் போச்சு. பொதங்கெழம காலையில எங்க இருந்தன்னு கேட்டிருக்காங்க. தோட்டத்துல போர் மோட்டார் எறக்கப் போனேன்னு சொல்லியிருக்காரு. தோட்டத்துக்காரரக் கேக்கலாம்னா அவரு மறு நாளே பழனிக்குக் காவடி எடுத்துட்டு நடந்து போயிட்டாரு. செல்போன ஊட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாரு. வெரதமாமா. அந்த ஆளு திரும்பி வர்ற வரைக்கும் மாப்ள டேசன்லதான். வெளிய வர்றப்ப வலது கை வெரலு ரெண்டு வீங்கி இருந்துது. கம்பி சுத்தற வெரலு. மூணு மாசம் கட தொறக்கல.

என்னது? ஏம் போலீசுகிட்டச் சொல்லலையா? முழுகாம இருக்கறா, அதனாலதான் கொள்ளி வைக்கலைன்னு சொல்லியிருந்தா ஒரு சந்தேகமாச்சும் கொறைஞ்சிருக்குமேன்னு கேக்கறயா?

நல்லா இருக்குது. நீயும் அவங்காட்டம் கேள்வி கேக்கறயே. சொன்னா ஊரு முச்சூடும் பரவும். கண்ணு படும். ஒம்பது வருசம் காத்திருந்து வந்தது. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அம்புட்டுத்தான்.

சரி, அம்புட்டு மட்டும் இல்ல. உங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நீ சத்தியமங்கலத்துல எறங்கிப் போயிருவ. நா ஆரு, நீ ஆரு.

மாப்ளைக்குச் சக்கர வியாதி. முப்பத்தாறு வயசுல வந்துருச்சு. வெளிய தெரிஞ்சா நாலு பேரு நாலு பேசுவாங்கன்னு மறைச்சு வச்சிருந்தோம். எங்கூட்டுக்கு வந்தா நாந்தான் சக்கர போடாத காப்பி தனியா வச்சுக் குடுப்பேன். சரசு வந்து காதுல சொன்னாளே, ஒரு டம்ளர்ல ஒத்த எறும்பு இல்லைன்னு. எனக்குப் பொக்குனு இருந்துது. எறும்பு இல்லைன்னா சக்கர இல்ல. சக்கர இல்லாத காப்பி ஆரு குடிப்பா? எனக்குத் தெரியாதா?

அப்படிப் பாக்காதே. நா ஒருத்தருகிட்டயும் வாயத் தொறக்கல. மனசுக்குள்ள நெனச்சேன், அவ்வளவுதான். வந்து வந்து போகுது நெனப்பு. பொங்கலப்ப அம்மாளுக்கும் மகனுக்கும் ஏதோ வாக்குவாதம். அது நெனப்புக்கு வருது. அன்னிக்கு மத்தியானம் நா போறப்ப மாப்ள சட்ட மாத்தியிருந்தாரு. அது நெனப்புக்கு வருது. மோட்டார் எறக்குனா கிரீசு ஒட்டும், மாத்தத்தான் செய்வாங்க. தெரியுது. ஆனா நெனப்பு கேக்குதா?

அப்பறம் அவர டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நா பொண்ணூட்டுலதான் இருந்தேன், அவளுக்குத் தொணையா. ரெண்டு நாளு தூங்கல. ஒரு வேள அவருதான்னு ஆயிருச்சுன்னா? என்ற பொண்ணுக்கு முப்பத்தொண்ணு வயசு. புள்ளையோட இருந்தாக் கொலகாரம் பொண்டாட்டிங்கற பேரு கடைசி வரைக்கும் போகாது. புள்ள இல்லைன்னா ஒரு வழி இருக்குது. வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. மூணு பேருக்குத்தான் தெரியும். ஒரு தாயி வேற என்ன நெனப்பா? நீயே சொல்லு.

ஸ்கேன் பாக்கலாம் வாடின்னு சொல்லி ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். தெரியாத ஊரு, தெரியாத லேடி டாக்டரு. சுகந்திய வெளிய உக்கார வச்சுட்டு நா மட்டும் உள்ள போயிக் கேட்டேன், இத இப்பவே எடுத்துட முடியுமான்னு. சும்மா கேட்டேன். கேக்கறது தப்பா? அந்த டாக்டரு என்ன பண்ணோணும், முடியும், முடியாதுன்னு சொல்லோணும். நேராக் கதவத் தொறந்து என்ற பொண்ணக் கூப்புட்டு, "உங்கம்மா கேக்கறது உனக்குத் தெரியுமாம்மா? நீ கேக்காம நா ஒண்ணுஞ் செய்ய மாட்டேன்"னுட்டா. படிச்சவளுகளுக்கு ஒரு சூதுவாது தெரியறதில்ல.

சுகந்தி அழுகல. கத்தல. வெளிய பெஞ்சுல வந்து உக்காந்தா. "ஏம்மா?"ன்னு ஒரு வார்த்த கேட்டா. எறும்பச் சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். முழுசாக் கேட்டா. அப்பறஞ் சொல்றா, "அம்மா, எங்கத்தைக்கும் சக்கர வியாதி. அத்த பதனஞ்சு வருசமா மாத்தர போடுது. எறும்பு இல்லாத டம்ளரு அத்தையோடது. எறும்பு மொச்ச டம்ளருதான் வந்த ஆளோடது. இவரு சக்கரைய வாயிலயே வைக்க மாட்டாரு. அப்ப அது இவரு இல்ல. இது கூடவா உனக்குத் தெரியல?"

தெரியல. ராமாத்தாளுக்குச் சக்கரன்னு எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஒம்பது வருசமா அதுக்கும் நாந்தான் காப்பி வச்சுக் குடுத்திருக்கறேன். அன்னிக்கு அது நெனப்புக்கு வரல. மாப்ள மட்டுந்தான் நெனப்புக்கு வந்தாரு.

பெஞ்சுல இருந்து எந்திரிச்சவ நேரா பஸ் ஏறி டேசனுக்குப் போயிட்டா. என்னையக் கூடக் கூட்டிட்டுப் போகல. முழுகாம இருக்கறதையும் சொன்னா, சக்கரையையும் சொன்னா, எறும்பையும் சொன்னா. போலீசுக்காரரு எழுதிக்கிட்டாராமா. ரெண்டு நாளுல காவடிக்காரரும் வந்து சேந்தாரு. மாப்ளைய உட்டுட்டாங்க. ஒரு கண்ணும் படல பாத்துக்க. கொழந்த நல்லா இருக்குது. ஊருக்கே தெரிஞ்சும் நல்லா இருக்குது.

எங்கிட்ட என்ற மக கடைசியாப் பேசுனது அன்னிக்கு அந்தப் பெஞ்சுலதான். "ஊருல பேசறவங்க ஆரோம்மா. வீடியோ போடறவன் மூஞ்சிய நாம் பாத்ததில்ல. நீ எங்கூட்டுல உக்காந்து, அவரு வாங்கிப் போட்ட அரிசியில சோறாக்கித் தின்னுட்டே நெனச்சிருக்கற"ன்னா. பெத்தவள இப்படிப் பேசலாமா? நாலு லச்சம் பேரு நெனச்சாங்க, அவிய மேல கோவம் இல்ல. நா ஒருத்தி நெனச்சது குத்தமாப் போச்சு.

இப்ப அந்த மெட்ராசுக்காரன் மூத்த மருமகளப் புடிச்சிருக்கறான். லோகநாதன் பொண்டாட்டிய. பாவம்னு சொல்லோணும். ஆனா ஒண்ணு, அவ காப்பிக்கு ரெண்டு ஸ்பூன் சக்கர போடோணும், கொறைஞ்சா வாயில வைக்க மாட்டா. நா ஒண்ணுஞ் சொல்லல. எறும்பு மொச்சுதுன்னு சரசுதான் சொல்றா. நீயே கூட்டிக் கழிச்சுப் பாரு.

இதா, புதூரு வளைவு வந்துருச்சு. கொஞ்சம் எந்திரி, வழி உடு. அந்தக் கம்பியப் புடிச்சுக்கறேன்.

மாப்ள கோவக்காரரு இல்ல, அதையுஞ் சொல்லிடறேன். டேசன்ல இருந்து வந்தன்னிக்கு எல்லாரும் அழுதுட்டு நிக்கறோம். அவரு வாசப்படியில உக்காந்து, வீங்குன கையை மடியில வச்சுட்டு, சத்தமே இல்லாம எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "அத்தை, அன்னிக்குத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால கூப்புட்டு எங்கம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டாம்னீங்களே. அது கொழந்தைக்காகச் சொன்னீங்களா, இல்ல நாந்தான் எங்கம்மாளக் கொன்னுட்டேன்னு நெனச்சுச் சொன்னீங்களா?"ன்னாரு.

கொழந்தைக்காகத்தான். ஆமா, கொழந்தைக்காகத்தான சொன்னேன்? அன்னிக்கே, அப்பவே சொல்லியிருக்கோணும். சரசு வந்து எறும்பச் சொல்லி அர மணி நேரங் கூட ஆகல அப்ப. வாயத் தொறந்தேன் அம்மணி. சுகந்தி எம் மூஞ்சியப் பாத்துட்டே நிக்கறா. காப்பி வைக்கறேன்னு சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டேன்.